டேஷ்போர்டு பீப் சத்தமும் அணையாத லைட்டும்: எதை நிறுத்தலாம், எதில் கை வைக்கக்கூடாது?

நீலச்சிட்டு

வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். இன்ஜின், கியர், ஏசி எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டேஷ்போர்டுதான் உயிரை எடுக்கிறது.

பக்கத்து சீட்டில் லேப்டாப் பையை வைத்தாலே பெல்ட் போடச் சொல்லி பீப் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. ரிவர்ஸ் எடுத்தால் பார்க்கிங் சென்சார் போடுகிற சத்தத்தில், பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை அலறி எழுந்துவிடுகிறது. டயர் பிரஷர் லைட் காலையில் எரியும், கொஞ்ச தூரம் ஓடியதும் தானாக அணைந்துவிடும். இதையெல்லாம் விட முக்கியமாக ஏர்பேக் லைட். வண்டியை உள்ளும் புறமும் சுத்தம் செய்து வாங்கி வந்ததிலிருந்து அது அணையவே இல்லை.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "மீட்டரைப் பிரித்து அந்த லைட்டைக் கழற்றிவிடலாம், பெல்ட்டுக்கு டம்மி கிளிப் வாங்கிச் சொருகிவிடுங்கள்." எனக்கு மனசு ஒப்பவில்லை. சத்தமும் போக வேண்டும், பாதுகாப்பும் கெடக்கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி

உங்க மனசு ஒப்பாதது சரிதாங்க. கார் வயரிங் வேலையில ரொம்ப காலமா இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஏர்பேக் லைட் மீட்டர்ல ஒன்னுதான். அதுக்குப் பின்னாடி இருக்கிற குறை பல. சீட்டுக்கு அடியில கப்ளர் (ஒயர் இணைப்பு) லூஸ் ஆனாலும் அதே லைட், ஸ்டியரிங்ல கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் திரும்பும்போதும் ஏர்பேக்குக்கு இணைப்பு கொடுக்கிற சுருள் ஒயர்) அறுந்தாலும் அதே லைட், முன்னாடி மோதல் சென்சார் துருப்பிடிச்சாலும், பெல்ட் பிரிடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டைச் சட்டுனு இறுக்குறது) போனாலும் அதே லைட். இன்னைக்கு ஒரு சின்ன கப்ளருக்காக அந்த லைட்டைக் கழற்றிப் போட்டா, நாளைக்கு கிளாக் ஸ்பிரிங் போறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிரைவர் ஏர்பேக் விரியாதுன்னு சொல்ல அந்த வண்டியில வேற ஆளே இல்லை. அதனால சத்தமோ லைட்டோ, அது எங்கேருந்து கிளம்புதோ அங்க போய் வேலை பாருங்க. மீட்டர்ல கை வைக்காதீங்க.

இப்ப உங்க பை விஷயம். பக்கத்து சீட் குஷனுக்குள்ள எடையை உணர்ற சென்சார் இருக்கு. பை கனமா இருந்தா ஆள் உட்கார்ந்திருக்கார்னு எடுத்துக்கும். பையை பின் சீட்டுலயோ கீழே கால் வைக்கிற இடத்துலயோ வைங்க. முன்னாடியே வேணும்னா அந்த சீட் பெல்ட்டை பை மேல இழுத்து மாட்டிடுங்க. சத்தமும் நிக்கும், திடீர்னு பிரேக் அடிச்சா பை பறந்து கண்ணாடியில மோதாது.

"சீட்டுக்கு அடியில பக்கிளுக்கு (பெல்ட்டை மாட்டுற பூட்டு) போற ஒயரைப் பிடுங்கிடு"ன்னு யாராவது சொல்வாங்க, கேட்காதீங்க. பக்கிள்ல இருக்கிறது பழைய கால சுவிட்ச் மாதிரி வெறும் ஆன்/ஆஃப் இல்லை. பல வண்டியில பக்கிளுக்குள்ள ரெண்டு வேற வேற மின்தடை இருக்கும், இல்லேன்னா காந்தத்தை உணர்ற ஹால் சென்சார் இருக்கும். மாட்டினா ஒரு அளவு, கழற்றினா இன்னொரு அளவு. ஒயரைப் பிடுங்கினா ரெண்டுமே இல்லாத ஒரு அளவு வரும். உடனே ஏர்பேக் யூனிட் (ஏர்பேக்கைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அதைக் குறைன்னு பதிவு பண்ணி ஏர்பேக் லைட்டைப் போட்டுடும். ஒரு பீப் போகும், அதுக்குப் பதிலா அணையாத லைட் வரும்.

ஏர்பேக் லைட்டுக்கு ஒரு கேள்வி: சுத்தம் பண்ணும்போது முன் சீட்டைக் கழற்றினாங்களா, இல்லேன்னா ரொம்ப முன்னாடி பின்னாடி தள்ளினாங்களா?

நீலச்சிட்டு

ஆமாம் அண்ணா! சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் துவைக்க வேண்டும் என்று இரண்டு முன் சீட்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். நேரிலேயே பார்த்தேன். இதை யாரும் கேட்கவே இல்லை.

தோட்டத்துச்சாலை

ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். நான் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டுகிறேன். கேட்டுக்குக் கேட் இறங்க வேண்டும், ஏற வேண்டும். மெதுவான வேகம்தான். பொதுச்சாலைக்கே போகாத வண்டிக்கு ஒவ்வொரு முறையும் பெல்ட் மாட்டு, கழற்று என்றால் வேலை நடக்காது. அந்த பீப் காதில் விழுந்து விழுந்து சாயங்காலம் தலைவலியே வந்துவிடுகிறது. டம்மி கிளிப் போட்டு ஓட்டுகிறேன். எல்லாருக்கும் ஒரே சட்டம் பொருந்தாது.

மின்மினி

தோட்டத்துச்சாலை அவர்களே, உங்கள் தேவை நியாயமானது. கிளிப் மட்டும் வேண்டாம் என்பேன்.

கிளிப்பைச் சொருகியவுடன் வண்டி, "இவர் பெல்ட் போட்டிருக்கிறார்" என்று நம்புகிறது. பல கார்களில் ஏர்பேக் எந்த மோதலுக்கு விரிய வேண்டும் என்பதே பெல்ட் போட்டிருக்கிறீர்களா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் முடிவாகிறது. பெல்ட் போடாதவருக்கு, கெட்டியான சுவரில் சுமார் 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் மோதுவதற்குச் சமமான அதிர்விலேயே விரியும். பெல்ட் போட்டவரை பெல்ட்டே பிடித்துக்கொள்ளும் என்பதால் சுமார் 26 கி.மீ. அளவு வரை பொறுக்கும். கிளிப் போட்டவருக்கு நடுவில் உள்ள அந்த மோதல்களில் பெல்ட்டும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. பீப் சத்தத்தை மட்டும் நிறுத்துகிறோம் என்று நினைத்து, ஏர்பேக்குக்குப் பொய்த் தகவல் கொடுக்கிறோம்.

இன்னொன்று, வண்டி ஒருநாள் அவசரத்துக்குப் பொதுச்சாலைக்கு வரும். வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். கிளிப் அங்கேயே சொருகியபடி இருக்கும்.

உங்களுக்கு முறையான வழியே இருக்கிறது. சில கம்பெனிகள் பெல்ட் சத்தத்தை நிறுத்துவதற்கான வரிசையை ஓனர் மேனுவலிலேயே அச்சடித்துத் தந்திருக்கின்றன. ஃபோர்டின் பெல்ட்மைண்டர் அப்படித்தான்: இக்னிஷனைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், பெல்ட் லைட் அணையும்வரை காத்திருந்து, குறிப்பிட்ட தடவை பக்கிளை மாட்டிக் கழற்ற வேண்டும். எத்தனை தடவை என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். இப்படி நிறுத்தினால் தொடர்ந்து அடிக்கிற நினைவூட்டல் மட்டும்தான் நிற்கும். பக்கிள் உண்மை நிலையை ஏர்பேக் யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் இந்த வசதி இல்லையென்றால் சர்வீஸ் ஸ்கேனர் மூலம் செய்ய முடியுமா, உங்கள் பகுதி விதி அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சாலைக்குப் போகும் முன் திரும்ப ஆன் செய்துவிடலாம்.

தோட்டத்துச்சாலை

26 கி.மீ. விவரம் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே வண்டிகள் எதிரும் புதிருமாக வரும் இடம் அது, அந்த வேகம் சாதாரணமாக வரும். மேனுவலைத் தேடிப் பார்க்கிறேன். ஆனால் வேலைக்கான வண்டிகளுக்கு இந்த வசதியைக் கம்பெனியே மெனுவில் வைத்துத் தர வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

திருப்புளி

நீலச்சிட்டு, உங்க ஏர்பேக் லைட்டுக்கு வர்றேன். சீட்டைக் கழற்றும்போது அடியில இருக்கிற கப்ளரைப் பிடுங்கித்தான் ஆகணும். மஞ்சள் கலர்ல இருக்கும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர்னாலே ஏர்பேக் சம்பந்தப்பட்டதுன்னு புரிஞ்சுக்கோங்க. சைடு ஏர்பேக், பிரிடென்ஷனர், எடை சென்சார் எல்லாம் அந்த வழியாத்தான் வருது. திரும்ப மாட்டும்போது பாதி உள்ள போய், லாக் விழாம நின்னிருக்கும். இல்லேன்னா கப்ளர் கழன்ற நேரத்துல யாராவது இக்னிஷனைப் போட்டிருப்பாங்க, அப்ப பதிவான கோடு (குறையைச் சொல்ற குறியீடு) அப்படியே நிக்குது.

பார்க்கிறதுக்கு முன்னாடி சாவியை எடுத்துட்டு பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைங்க. கழற்றின உடனே கை வைக்கக்கூடாது. விபத்துல பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரியணும்னு அந்த யூனிட்டுக்குள்ள கெபாசிட்டர்ல மின்சாரம் சேமிச்சு வெச்சிருக்கும். அது வடியணும். வண்டியைப் பொறுத்து 90 வினாடியிலேருந்து சில நிமிஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருப்பாங்க. நான் எந்த வண்டியா இருந்தாலும் பத்து நிமிஷம் விட்டுடுவேன். அப்புறம் கப்ளர் முழுசா உட்கார்ந்திருக்கா, பின் ஏதாவது வளைஞ்சிருக்கா, துவைச்ச ஈரத்துல பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. கழற்றி, திரும்ப அழுத்தினா 'டிக்'னு லாக் விழணும். அந்த மஞ்சள் ஒயர்ல மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்புற சின்ன கரண்டே சில நேரம் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும்.

அதுக்கப்புறமும் லைட் அணையலேன்னா பயப்பட வேண்டாம், பழைய கோடை ஸ்கேனர் வெச்சு அழிக்கணும். வண்டியோட சாக்கெட்ல சொருகுற, மலிவா கிடைக்கிற ஈஎல்எம்327 புளூடூத் துண்டோட வர்ற சாதாரண ஆப் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் யூனிட்டைப் படிக்கிற ஸ்கேனர் வேணும். படிக்கச் சொல்லுங்க, என்ன கோடுன்னு எழுதி வாங்குங்க, அப்புறம் அழிக்கச் சொல்லுங்க. படிக்காம அழிக்கிற ஆள்கிட்ட வண்டியை விடாதீங்க.

தும்பைப்பூ

இந்த இடத்தில் ஒன்று சேர்க்கிறேன், செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்குப் பயன்படும். ஏர்பேக் லைட் எரியாமல் இருந்தால் மட்டும் போதாது. இக்னிஷனைப் போட்டதும் அது எரிய வேண்டும், சில வினாடிகள் நின்று தானாக அணைய வேண்டும். அதுதான் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளம்.

எரியவே இல்லையென்றால் பல்பை எடுத்திருக்கிறார்கள் அல்லது கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிடத் தந்திரமான வேலை, ஏர்பேக் லைட்டை ஆயில் லைட்டோடு இணைத்துவிடுவது. அப்போது அதுவும் எரிந்து அணையும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டு வையுங்கள். ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் இன்ஜின் ஓடவில்லை. ஏர்பேக் லைட் மட்டும் தன் நேரத்தில் அணைய வேண்டும். அப்படி அணையாமல், இன்ஜினைக் கிளப்பிய பிறகு ஆயில் லைட்டோடு சேர்ந்தே அணைந்தால் ஏதோ செய்திருக்கிறார்கள். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து யூனிட்டை ஏமாற்றியிருந்தால் இந்தச் சோதனையிலும் தெரியாது. அதற்கு ஸ்டியரிங் மூடி, டேஷ்போர்டு இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் வண்டி பார்க்கப் போனால் டயரைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன். விற்பவர் அவசரப்படுத்தினால் அங்கேயே கிளம்பிவிடுவேன்.

மின்மினி

தும்பைப்பூ சொன்னது அருமை. பல்பைக் கழற்றுவது பற்றி இன்னொரு விஷயமும் உண்டு, இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. பழைய கார்களில் பேட்டரி லைட்டின் பல்பு வெறும் அடையாளத்துக்காக வைத்ததல்ல. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்க ஒரு சிறிய மின்னோட்டம் வேண்டும், அது அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு பீஸ் போனாலோ கழற்றினாலோ ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவே தொடங்காமல் போகலாம். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கும், அதைச் சுற்றும் பெல்ட் நன்றாக இருக்கும், பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வரும். அதைச் சொல்ல வேண்டிய லைட்டும் இருக்காது.

வெள்ளைக்கோடு

டயர் லைட்டுக்கு நான் சொல்கிறேன். காலையில் எரிந்து, ஓடியதும் அணைந்தால் சென்சார் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். காற்றுதான் எல்லையில் நிற்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும். ராத்திரி குளிரில் எல்லைக்குக் கீழே போகிறது, ஓடிச் சூடானதும் மேலே வருகிறது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு, அதைப் பிடிக்கக்கூடாது.

இதே லைட் வேறு மாதிரியும் வரும். இக்னிஷன் போட்டதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கி மினுக்கி அப்புறம் நிலையாக நின்றால் காற்றுக் குறைவு அல்ல, அமைப்பிலேயே கோளாறு. சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் வகையில் அதன் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருடத்தில் தீரும். அந்த பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாதபடி மூடியிருக்கும், சென்சாரையே மாற்ற வேண்டும். டயர் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்தால் டயரைக் கழற்றும் கூலி மிச்சம்.

சில வண்டிகளில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் சென்சார் சொல்லும் சக்கரச் சுழற்சியை வைத்துக் கணக்குப் போடும். காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் அல்லவா, அதுதான். அந்த வகையில் காற்று பிடித்தபின் மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் செய்யாவிட்டால் லைட் அடம்பிடிக்கும். காற்று குறைந்திருக்கும்போதே ரீசெட் அழுத்துகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் அந்தக் குறைந்த அளவையே சரியான அளவாக வண்டி கற்றுக்கொள்ளும். அமெரிக்க விதியில் 25 சதவீதம் குறைந்தால் லைட் வந்தாக வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதாவது லைட் வரும்போதே டயர் நன்றாக இறங்கியிருக்கலாம். கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

நெடுவழி

என் தொல்லை வேறு. புது வண்டி. எதிலும் கோளாறு இல்லை. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைக் கேமரா படித்து, அதற்கு மேல் போனால் பீப் அடிக்கிறது. பக்கத்துச் சர்வீஸ் சாலையின் 40 பலகையைப் படித்துவிட்டு, நெடுஞ்சாலையில் போகிற என்னைத் திட்டுகிறது. மெனுவில் அணைத்தால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது திரும்ப வந்துவிடுகிறது. பக்கத்தில் பேசுகிறவர் குரல்கூடக் கேட்பதில்லை. நிரந்தரமாக நிறுத்த வழி சொல்லுங்கள்.

மின்மினி

திரும்ப வருவது கோளாறு இல்லை, விதியே அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்த வேக உதவி கட்டாயம். ஓட்டுநர் அணைத்துக்கொள்ளலாம், அடுத்த ஸ்டார்ட்டில் தானாக ஆன் ஆக வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் முறை வேறு. அங்கே பலகையைப் படிப்பதில்லை. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் அடிக்கும்.

கண்ணாடியில் கேமரா பார்க்கும் இடத்தை முதலில் துடையுங்கள். மேப் அப்டேட் இருந்தால் போடுங்கள், பலகையையும் மேப்பையும் சேர்த்துப் பார்க்கும் வண்டிகளில் தவறான வேகம் காட்டுவது குறையும். ஸ்டியரிங்கில் ஒரு பட்டனை இதற்கென ஒதுக்க முடியுமா என்று செட்டிங்ஸில் தேடுங்கள். பல வண்டிகளில் ஒரு பட்டனை நீளமாக அழுத்தினாலே அந்தப் பயணத்துக்கு நிற்கும். கோடிங் செய்து (வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அமைப்பை மாற்றி எழுதி) நிரந்தரமாக அணைப்பது பற்றிக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. விதிப்படி அங்கீகாரம் பெற்ற ஒரு வசதியை மாற்றுவதால் வாரண்டியும் இன்சூரன்ஸும் கேள்விக்குள்ளாகும். நான் செய்யமாட்டேன்.

நெடுவழி

பட்டன் இருக்கிறது, ஸ்டியரிங்கில் நட்சத்திரம் போட்டது. ஒதுக்கிவிட்டேன். வண்டியில் ஏறியதும் ஒரு அழுத்து, நின்றுவிடுகிறது. ஆனாலும் கேட்கிறேன், ஓட்டுகிறவரை வெறுப்பேற்றினால் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? இப்போதெல்லாம் எந்த பீப் வந்தாலும் எனக்கு கை தானாக அணைக்கத்தான் போகிறது, என்ன என்று பார்ப்பதே இல்லை. இதைத் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தும்பைப்பூ

நெடுவழி சொல்வதில் உண்மை இருக்கிறது, இதற்கு வரலாறே உண்டு. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாத பூட்டு வைத்தார்கள். சீட்டில் பையை வைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. மக்களுக்கு வந்த கோபத்தில் அதே வருடம் அக்டோபரிலேயே சட்டம் போட்டு அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கத் தடை விதித்தார்கள். பஸ்ஸர் சத்தத்துக்கும் 8 வினாடிதான் எல்லை என்று வைத்தார்கள். பல உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய ஏற்பாடு, எரிச்சலாலேயே பறிபோனது. பெல்ட் பக்கம் நிற்கிற எனக்கு அது வருத்தம்தான். தப்பான நேரத்தில் அடிக்கிற ஒவ்வொரு பீப்பும் சரியான நேரத்தில் அடிப்பதன் மதிப்பைக் குறைக்கிறது.

புதுவாசகன்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். கதவு நன்றாக மூடியிருந்தாலும் "கதவு திறந்திருக்கிறது" என்று பீப் அடிக்கிறது, உள் லைட்டும் அணைவதில்லை. இன்னொன்று, சர்வீஸ் செய்த பிறகும் ஸ்பேனர் லைட் போகவில்லை.

திருப்புளி

ஸ்பேனர் லைட் பெரும்பாலான வண்டியில வெறும் கிலோமீட்டர் கணக்கு. ஆயில் மாத்தினவங்க ரீசெட் பண்ண மறந்துட்டாங்க. பெரும்பாலும் டிரிப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இக்னிஷன் போட்டா போயிடும், புது வண்டியா இருந்தா மெனுவுல இருக்கும். ஆயில் நிஜமா மாத்தினாங்களான்னு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துட்டு ரீசெட் பண்ணுங்க.

கதவுக்கு, லாக்குக்குள்ள இருக்கிற மைக்ரோ சுவிட்ச் தூசி, கிரீஸ் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. எந்தக் கதவுன்னு மீட்டர் காட்டலேன்னா ஒவ்வொரு கதவையும் திறந்து, ஒரு ஸ்குரூடிரைவரால லாக்கை மூடின மாதிரி தள்ளி, லைட் அணையுதான்னு பாருங்க. முடிஞ்சதும் வெளிக் கைப்பிடியை இழுத்து லாக்கைத் திரும்ப விடுவிச்சுட்டுத்தான் கதவை மூடணும், இல்லேன்னா லாக்கும் கதவும் இடிச்சுக்கும். எந்தக் கதவுன்னு தெரிஞ்சதும் லாக் வாயில கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பல தடவை திறந்து மூடுங்க. அதிலேயே சரியாகும். அப்படியும் போகலேன்னா லாக் மாத்தணும். சுவிட்ச் ஒயரை வெட்டி முறுக்கி விடாதீங்க, குழந்தைங்க பின்னாடி உட்கார்ற வண்டியில கதவு நிஜமா திறந்திருந்தா தெரியாமப் போயிடும்.

ஏழுமலைக்காற்று

பேட்டரி கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ரிவர்ஸ் போட்டால் உள்ளே அடிக்கிற பீப்பும் வெளியே கேட்கிற ஹம் சத்தமும் ஒன்றல்ல. டொயோட்டா பிரியஸில் உள்ளே அடிக்கும் ரிவர்ஸ் பீப் வெளியே இருப்பவருக்குக் கேட்காது, ஓட்டுநருக்கு மட்டும்தான். அதைக் குறைத்துக்கொள்ளலாம், ஒருமுறை மட்டும் அடிக்கும்படி மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. மெதுவாகப் போகும்போது வெளியே வரும் சத்தம் நடந்து போகிறவர்களுக்கானது, குறிப்பாகக் கண் தெரியாதவர்களுக்கு. இன்ஜின் சத்தமில்லாத வண்டி வருவதை அவர்கள் அறிய வேறு வழியில்லை. அந்த ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மின்மினி

கோடிங் செய்ய நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. அதற்கான கருவிகள், ஆப்கள்: ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கு விசிடிஎஸ், ஓபிடிலெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோடு, ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். ஹெட்லைட் மறந்த பீப், லாக் செய்யும்போது அடிக்கும் ஹார்ன், இது மாதிரி வசதிச் சத்தங்களை இவற்றில் மாற்ற முடியும். மாற்றும் முன் பழைய கோடிங்கைச் சேமித்து வையுங்கள். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் யூனிட் செயலிழக்கலாம்.

ஸ்டீரியோ மாற்றுபவர்களும் கவனியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் எச்சரிக்கைச் சத்தம் ரேடியோ வழியாகத்தான் வரும். வெளி ஸ்டீரியோவை நேரடியாக மாட்டினால் பெல்ட், கதவு, சாவி எல்லாச் சத்தமும் ஒரேயடியாகப் போய்விடும். அதற்கென இடையில் வைக்கும் யூனிட் இருக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள்.

செக் இன்ஜின் லைட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மூடி சரியாக இறுகாவிட்டாலே அது எரியும். பி0455, பி0457 கோடு வந்தால் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். இறுக்கிய பிறகு சில ஓட்டங்களில் தானாக அணையும். அந்த லைட் மினுக்கினால் கதையே வேறு. மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சூட்டில் அதை அழித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு ஓரமாக நிறுத்துங்கள்.

நீலச்சிட்டு

அண்ணா சொன்னபடி பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்து பார்த்தேன். டிரைவர் சீட் கப்ளரில் லாக் விழவே இல்லை, கை பட்டதும் ஆடியது. அழுத்தி மாட்டி, ஸ்கேனர் உள்ள இடத்தில் கோடைப் படித்து எழுதி வாங்கி அழித்தாயிற்று. இக்னிஷன் போட்டால் எரிந்து அணைகிறது. தும்பைப்பூ சொன்ன ஆயில் லைட் சோதனையும் பார்த்தேன், தனியாகத்தான் அணைகிறது. டயருக்கும் காற்று பிடித்தாயிற்று.

பார்க்கிங் சத்தம்தான் மிச்சம். மெனுவில் வால்யூம் இல்லை.

வெள்ளைக்கோடு

வெளியே வாங்கி மாட்டிய சென்சார் செட் என்றால், டிக்கிக்குள் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ்ஸர் இருக்கும். நடுவில் சின்ன ஓட்டை. அதன்மேல் பாதி மூடும்படி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சத்தம் நன்றாகத் தணியும், கேட்காமலும் போகாது. போதவில்லையென்றால் இன்னொரு அடுக்கு. இது ஒன்றுக்கு மட்டும் டேப் வைத்தியம் தாராளமாகச் செய்யலாம்.

புதுவாசகன்

கதவு சரியாகிவிட்டது, கிளீனர் அடித்ததிலேயே. நன்றி. கடைசியாக ஒன்று. வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு பிரேக் லைட் மின்னி மறைகிறது. ஹேண்ட்பிரேக் முழுசாக இறக்கித்தான் இருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கும் ஒயரைக் கழற்றினால் லைட் போய்விடும் என்கிறார்கள். டப்பாவில் கொஞ்சம் ஆயில் ஊற்றினாலும் போகுமாம். எது செய்யட்டும்?

திருப்புளி

ரெண்டும் வேண்டாம். அந்த டப்பாவுக்குள்ள மிதவை இருக்கு. அளவு எல்லையில இருக்கிறதால திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் சாய, மிதவை இறங்கி லைட் போடுது. ஆயில் ஏன் இறங்குச்சுன்னு பாருங்க. பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) தேயத் தேய அதைத் தள்ளுற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலேருந்து ஆயில் இறங்கும். அது இல்லேன்னா எங்கயோ கசியுது. ஆயில் ஊத்தி லைட்டை அணைச்சுட்டா பேட் இரும்பு தட்டுற வரைக்கும் தெரியாது. நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க, பேட் கனத்தைப் பாருங்க. பார்க்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

புதுவாசகன்

மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துக் கழற்றிப் பார்த்தோம். கசிவு எங்கும் இல்லை. முன் வலது சக்கரத்தின் உள் பக்க பேட் வெளிப் பக்கத்தைவிட மோசமாகத் தேய்ந்து, அதன் முதுகிலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடும் நிலையில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்வதற்கான பின் (ஊசி) இறுகிப் போனதுதான் காரணம் என்றார். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, முன் இரண்டு பக்கமும் புது பேட் போட்டாயிற்று. பிஸ்டனை உள்ளே தள்ளியதும் டப்பாவில் ஆயில் தானாக மேல் கோட்டுக்கு ஏறிவிட்டது, ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. வளைவில் லைட் வரவில்லை.